ரத்த ரிப்போர்ட் கையின் எதிர்காலத்தைச் சொல்லுமா?

உப்புவெளியில் இருந்து 42 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “காலையில் விரல்கள் விறைத்துவிடுகின்றன, இடியப்ப உரலை அமுக்க முடியவில்லை. முடக்குவாதம் என்கிறார் டொக்டர். ஆர்.எஃப். 96, ஆன்டி சி.சி.பி. 160 (இரண்டுக்கும் எல்லை 20), ஈ.எஸ்.ஆர். 52. என் கைகள் கோணிவிடுமா? மாதாமாதம் இவற்றைப் பார்க்க வேண்டுமா?”

கோணும் என்று எந்த எண்ணும் அடித்துச் சொல்லாது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஆன்டி சி.சி.பி. என்பது உடல் தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே உண்டாக்கும் பிறபொருளெதிரி. மூட்டு நோகத் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே அது ரத்தத்தில் இருப்பதுண்டு. எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினாலே உயர்ந்த அளவு என்போம். உங்களுக்கு எட்டு மடங்கு. ஆர்.எஃப். என்பதும் இதுபோன்ற இன்னொரு பிறபொருளெதிரிதான்; அது மட்டும் கூடியிருந்தால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். வயதானவர்களுக்கும், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும்கூட அது கூடும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் மூட்டெலும்பு அரிபடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். முதல் சில மாதங்களில் நோயை அடக்கினால் கைகளைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி. இரண்டையும் மாதாமாதம் செய்து காசைச் செலவழிக்க வேண்டாம். நோய் தணிந்தாலும் அவை அப்படியே நிற்கலாம். இன்றைய அழற்சி எவ்வளவு என்று காட்டுபவை ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும்தான். ரத்தசோகை இருந்தாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும்; ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். சி.ஆர்.பி. ஒரு சில நாட்களிலேயே ஏறி இறங்கும். கை, பாத எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போது ஒன்று எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைத் தந்திருந்தால், அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் குளிசை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் கொப்பியில் பெரிதாக எழுதிவையுங்கள். ரத்த அணுக்களையும் ஈரலையும் டொக்டர் சொல்லும் இடைவெளியில் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் விறைப்பு இளகும், தாராளமாகப் போய் வாருங்கள். எலும்பு அரிபடுவதை அது நிறுத்தாது.

அப்புறம் ஒன்று. எழுந்த நேரத்தையும் உரலை அமுக்க முடிந்த நேரத்தையும் தினமும் கலண்டரில் குறித்து, அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோங்கள்.