பிரசவச் செலவு யார் தலையில்?

கேள்வி: பெண்களுக்குப் பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய், பேறுகால விடுப்பு 26 வாரம். இதற்கு மேலும் சமத்துவம் என்று பேசினால் தொழில் வளர்ச்சி கெடாதா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: கெடாது. 2019-20 கணக்குப்படி நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான். நம் தொழில் அதனால் வளர்ந்ததே தவிரச் சரியவில்லை.

கெடுப்பது, செலவை நாம் தவறான தலையில் கட்டியிருப்பது. உங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டையே பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பிடித்தம். பிரசவத்துக்குப் போகிறவருக்கு 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தந்துவிடும். பெண்ணை எடுப்பதால் கம்பெனிக்குத் தனிச் செலவில்லை. அதே பெண் சூப்பர்வைசராகி 25,000 வாங்கும்போது இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிடுகிறார். அந்த 26 வாரமும் கம்பெனியின் கைக்காசு: ஒன்றரை லட்சம் ரூபாய். "கல்யாணம் எப்பம்மா?" என்று இன்டர்வியூவில் கேட்பது இங்கேதான் தொடங்குகிறது. கேட்பது அநியாயம். கேட்கத் தூண்டும்படி சட்டத்தை வைத்திருப்பதும் அநியாயம். இந்தச் செலவைத் தனி முதலாளி மேல் ஏற்றக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-லேயே உடன்படிக்கை போட்டது. இந்தியா அதில் சேரவில்லை.

குழந்தைகள் காப்பகத்திலும் இதே கோளாறு இருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. முப்பதோடு நிறுத்திக்கொள்ள அதுவே ஒரு காரணமானது. 2017 திருத்தம் ஆண், பெண் சேர்த்து 50 பேர் என்றது நல்ல மாற்றம். பொதுக் காப்பகத்துக்கும் வழிவிட்டது. ஆனால் 20 பேர் வேலை செய்யும் லேத் பட்டறையை அது தொடவே இல்லை. இலவச பஸ் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. பஸ் ஏறுமுன் குழந்தையை யாரிடம் விடுவது? சம்பளமில்லாமல் தம் வீட்டு வேலையைச் செய்வோரில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாக 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது.

சிறுதொழில் சங்கத்தில் இருப்பவரானால், பட்ஜெட் மனுவில் மின்கட்டணத்தோடு இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: பேறுகாலச் சம்பளத்துக்கு மட்டுமாவது இ.எஸ்.ஐ. சம்பள உச்சவரம்பு இருக்கக் கூடாது; எஸ்டேட்டுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது இரண்டாம் ஷிஃப்ட் விடும்வரை திறந்திருக்க வேண்டும்.