யுஎஸ்பி சீரியல் போர்ட்டில் இன்டரப்ட் எண்ட்பாயிண்ட்: சில கேள்விகள், பதில்கள்

வந்த கேள்விகளில் சிடிசி ஏசிஎம் வகை சாதனங்கள் (யுஎஸ்பியில் மாட்டினால் கணினிக்குச் சீரியல் போர்ட்டாகத் தெரிபவை) பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யுஎஸ்பி சாதனத்தில் டேட்டா போகவர இருக்கும் வாசல்தான் எண்ட்பாயிண்ட்; இவற்றில் நிலை மாற்றங்களைச் சொல்லும் வாசல் இன்டரப்ட் எண்ட்பாயிண்ட். பெயரில் இன்டரப்ட் என்று இருந்தாலும், ஹோஸ்ட், அதாவது கணினி, கேட்காமல் சாதனம் வாய் திறக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: சார், எஸ்டிஎம்32எஃப்407 போர்டில் டேட்டா இரு பக்கமும் நன்றாகப் போகிறது. டிசிடி (மறுமுனையில் இணைப்பு இருப்பதைக் காட்டும் சிக்னல்) மாறியதைச் சொல்லும் சீரியல் ஸ்டேட் செய்தி மட்டும் கணினிக்கு வந்து சேருவதே இல்லை. டிஸ்கிரிப்டரை (சாதனம் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் விவரப் பட்டியல்) பல தடவை சரிபார்த்துவிட்டேன்.

டிஸ்கிரிப்டரை விடுங்கள், டேட்டா தற்காலிகமாகத் தங்கும் நினைவிடமான ஃபைஃபோவைப் பாருங்கள். அந்தச் சிப்பின் ஓடிஜி எஃப்எஸ் என்ற முழுவேக யுஎஸ்பி பகுதிக்கு மொத்தமே 320 வேர்டுதான் (ஒரு வேர்டு 4 பைட்). கருவி தானாக எழுதித் தரும் நிரலில் பெரும்பாலும் வரும் டேட்டாவுக்கு 128, எண்ட்பாயிண்ட் 0-க்கு 64, எண்ட்பாயிண்ட் 1-க்கு 128 என்று பங்கு போட்டிருக்கும். கூட்டிப் பாருங்கள், 320 தீர்ந்தது. உங்கள் இன்டரப்ட் எண்ட்பாயிண்ட்டின் எண் 2. அதற்கென்று இடம் ஒதுக்கவே இல்லை. இரண்டு 128-இல் ஒன்றை 112 ஆக்கி, மிச்சம் 16-ஐ இதற்குக் கொடுங்கள். அதுதான் குறைந்தபட்ச அளவு, இந்தச் செய்திக்குத் தாராளம்.

அப்புறம், செய்தி 10 பைட் இருக்க வேண்டும். ஹெக்சில் ஏ1 20 00 00 00 00 02 00 என்று எட்டு (ஐந்தாவது, ஆறாவது பைட் இன்டர்ஃபேஸ் எண்), பின்னால் நிலையைச் சொல்லும் இரண்டு. டிசிடி மட்டும் இருந்தால் 01 00, டிஎஸ்ஆரும் (மறுமுனைக் கருவி தயார் என்ற சிக்னல்) சேர்ந்தால் 03 00. எண்ட்பாயிண்ட் அளவை 8 என்று வைத்திருந்தால் இது 8, 2 என இரண்டு பாக்கெட்டாக உடைந்து போகும். பழைய லினக்ஸ் கெர்னல்களின் டிரைவருக்கு அதை ஒட்டத் தெரியாது. 16 என்று வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது.

கேள்வி: முழுவேகத்தில் ஒழுங்காக ஓடிய நிரலை ஹை ஸ்பீடுக்கு மாற்றினேன். இப்போது செய்தி சில நேரம் உடனே வருகிறது, சில நேரம் மூன்று விநாடி கழித்து வருகிறது.

டிஸ்கிரிப்டரில் இன்டர்வல் (ஹோஸ்ட் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்ற எண்) 16 என்று வைத்திருக்கிறீர்களா? முழுவேகத்தில் அது 16 மில்லி செகண்ட். ஹை ஸ்பீடில் கணக்கே வேறு: எண்ணில் ஒன்றைக் கழித்து, 1-ஐ அத்தனை தடவை இரண்டால் பெருக்கி, வருவதை 125 மைக்ரோ செகண்டால் பெருக்க வேண்டும். 16 போட்டால் 4.096 விநாடி! 8 போடுங்கள், பழைய 16 மில்லி செகண்ட் கிடைக்கும்.

கேள்வி: யுஎஸ்பி போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால் இன்டரப்ட் கோரிக்கை மைனஸ் 115 என்ற நிலையிலேயே தொங்குகிறது. பிழையா?

இல்லை. "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று பொருள். சாதனத்திடம் சொல்ல ஒன்றுமில்லாதபோது நேக் ("இப்போது இல்லை" என்ற பதில்) அனுப்பும். அந்த நேக் எல்லாம் ஹோஸ்ட் கன்ட்ரோலரோடு நின்றுவிடும், வயர்ஷார்க் வரை வராது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் தனி வன்பொருள் அனலைசர் வேண்டும்.

கேள்வி: அண்ணா, கல்லூரி புராஜெக்ட். கணினியில் டெர்மினலைத் திறக்கும் வரை போர்டு உறைந்து நிற்கிறது. திறந்ததும் ஓடுகிறது. கணினி லினக்ஸ்.

செய்தியை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும் வரை லூப் போட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. லினக்ஸ் டிரைவர் பொதுவாக யாராவது போர்ட்டைத் திறந்த பிறகுதான் அந்த எண்ட்பாயிண்ட்டைக் கேட்கவே தொடங்கும். அதுவரை உங்கள் பாக்கெட்டை எடுக்க ஆளில்லை. காத்திருக்கும் லூப்பைத் தூக்கிவிடுங்கள். கடைசி நிலையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, முந்தைய செய்தி போய்ச் சேர்ந்ததும் அடுத்ததை அனுப்புங்கள். இடையில் நிலை மாறினால் பழையதை மறந்துவிடலாம்.

கேள்வி: சிடிஎஸ் ("இப்போது அனுப்பலாம்" என்ற சிக்னல்) சீரியல் ஸ்டேட் செய்தியில் எந்த பிட்டில் வரும்?

வராது. சீரியல் ஸ்டேட்டில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. டிசிடி, டிஎஸ்ஆர், பிரேக், ரிங், அப்புறம் ஃப்ரேமிங், பாரிட்டி, ஓவர்ரன் பிழைகள், அவ்வளவுதான். சிடிஎஸ் கட்டாயம் என்றால் சிடிசியை விட்டு, எஃப்டிடிஐ போலத் தனி டிரைவரோடு வரும் சிப்பைப் பாருங்கள்.

கேள்வி: சீரியல் ஸ்டேட் போன்ற நோட்டிஃபிகேஷனே நான் அனுப்புவதில்லை. ஒரே எஃப்407-இல் இரண்டு சீரியல் போர்ட் வேண்டும். இன்டரப்ட் எண்ட்பாயிண்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பயன்படுத்தலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் கன்ட்ரோல் இன்டர்ஃபேஸில் எண்ட்பாயிண்ட் இல்லாவிட்டால் லினக்ஸ் டிரைவர் சாதனத்தை ஏற்க மறுத்துவிடும். ஒன்றும் அனுப்பாமல் சும்மா வைத்திருப்பதில் தவறில்லை, எடுக்கத்தான் கூடாது. போர்ட்டுக்கு டேட்டாவுக்கு ஒன்று, இன்டரப்டுக்கு ஒன்று என இரண்டு போர்ட்டுக்கு நான்கு ஐஎன் (சாதனத்திலிருந்து கணினிக்குப் போகும்) எண்ட்பாயிண்ட் தேவை, ஓடிஜி எஃப்எஸ் பகுதியில் 0-ஐ விட்டால் மூன்றுதான். அதே சிப்பின் ஓடிஜி ஹெச்எஸ் பகுதியில் ஐந்து உண்டு. வெளியே ஃபை சிப் (யுஎஸ்பி கம்பியின் மின்சிக்னலைக் கையாளும் சிப்) வைக்காமல் முழுவேகத்திலேயே அதை ஓட்டலாம். யுஎஸ்பி சாக்கெட்டின் கம்பிகளை மட்டும் அதற்குரிய பின்களுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.