டாலியின் பாட்டு

கேள்வி: விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை டாலி பார்ட்டன் என்பவரும் பாடியிருக்கிறார். விட்னியின் உச்சஸ்தாயி எங்கே, இவருடைய சன்னக் குரல் எங்கே? நல்ல பாட்டை இப்படித் திரும்பப் பாடிக் கெடுக்கலாமா?

பதில்: தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பாட்டே டாலி பார்ட்டனுடையது. அவரே எழுதி மெட்டமைத்து 1973-ல் நாஷ்வில்லில் பதிவு செய்தார். அடுத்த வருடமே அமெரிக்கக் கிராமிய பாணியான 'கன்ட்ரி' பாடல்களின் விற்பனை வரிசையில் முதலிடம். விட்னி அதை 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடியது 1992-ல்தான்.

இது காதலனுக்கு எழுதியதும் அல்ல. போர்ட்டர் வேகனர் என்ற மூத்த பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடித்தான் டாலி பெயர் வாங்கினார். தனியாகப் போகிறேன் என்றபோது வேகனர் விடவில்லை. பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் அவர் முன்னாலேயே பாடிக்காட்டியதாக டாலி சொல்லியிருக்கிறார். வேகனர் அழுதுவிட்டாராம்.

அந்த முதல் பதிவைப் பொறுமையாகக் கேளுங்கள். கடைசிச் சரணத்தில் டாலி பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். 'நீ நன்றாக இருக்க வேண்டும்' என்று வாழ்த்தும் இடம் அது. தன்னை ஆளாக்கியவரிடம் விடைபெறுகிறவர் குரலை உயர்த்துவாரா? நீங்கள் குறை சொல்லும் அந்தச் சன்னம்தான் பாட்டின் உயிர்.

விட்னியைக் குறைத்துச் சொல்லவில்லை. வாத்தியமே இல்லாமல் அவர் எடுக்கும் தொடக்கம் அபாரம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விட்னியின் பதிவுக்கு இசைத் தயாரிப்பாளரான டேவிட் பாஸ்டர் கையில் முதலில் இருந்தது லிண்டா ரான்ஸ்டாட் 1975-ல் பாடிய வடிவம். அதில் கடைசிச் சரணமே கிடையாது. டாலி எடுத்துச் சொன்ன பிறகே சேர்த்தார்கள். நீங்கள் கொண்டாடும் அந்த உச்சம், ஒரு கணம் எல்லாம் நின்று, டிரம்ஸ் ஒரு அடி அடித்ததும் சுருதி ஏறுமே, அது அந்தச் சரணம் முடிந்த பிறகுதான் வருகிறது.

அப்புறம், எல்விஸ் பிரெஸ்லியும் இதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் டாம் பார்க்கர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். எல்விஸ் பாடினால் எவ்வளவு பெரிய பெயர்! டாலி அழுதுகொண்டே மறுத்துவிட்டார். அதனால்தான் விட்னியின் குரலில் அந்தப் பாட்டு 14 வாரம் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் வரிசையின் உச்சியில் இருந்தபோது, எழுதியவருக்குச் சேர வேண்டிய பணம் பங்குபோகாமல் டாலிக்கே போய்ச் சேர்ந்தது.