இசட் குரோமோசோமில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு?

நெருங்கிய இரண்டு ஈப்பிடிப்பான் பறவைச் சிற்றினங்களின் கல்லீரலை ஒப்பிட்டதில், வெளிப்பாடு (மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பது) மாறிய மரபணுக்களில் பெரும்பகுதி இசட் என்ற பால் குரோமோசோமிலேயே வந்து விழுகிறது, இது வேகமான பரிணாமமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் முதலில் ஒன்று: மாதிரிகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமில் இந்த எண்ணிக்கை வேறுபாடு பெரும்பாலும் சரிக்கட்டப்படுகிறது; இங்கே முழுதாகச் சரிக்கட்டப்படுவதில்லை. அதனால் பல இசட் மரபணுக்கள் ஆணில் கூடுதலாகவே வெளிப்படும். ஒரு சிற்றினத்தில் மூன்று ஆண், ஒரு பெண். மற்றதில் தலைகீழ் என்று அமைந்துவிட்டால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பால் வேறுபாடுதான். ஆணா பெண்ணா என்பதற்குக் களக் குறிப்பேட்டை நம்பாதீர்கள் (இளம் பறவைகளில் நானே ஏமாந்திருக்கிறேன்). டபிள்யூவுக்கே உரிய மரபணுக்களைப் பாருங்கள். பெண்ணில் மட்டும்தான் தெரியும்.

அப்புறம், இரண்டு சிற்றினங்களின் ஆர்.என்.ஏ. வரிசைத் துண்டுகளையும் ஒரே சிற்றினத்தின் ஜீனோமில் (முழு மரபுத்தொகுதியில்) பொருத்தினீர்களா? அப்படியானால் மற்றதன் துண்டுகள் சில பொருந்தாமல் கழிந்து, வெளிப்பாடு குறைந்ததுபோல் காட்டும்.

ஆண்களை மட்டும் வைத்து ஒப்பீட்டை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் இசட் தூக்கலாக இருந்தால், அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.