பை 3.2 என்று சட்டம் போட்டார்களா?

கேள்வி: எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை நான். மார்ச் 14 அன்று பள்ளியில் கணிதக் கண்காட்சி. ‘அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1897இல் பையின் மதிப்பு 3.2 என்று சட்டம் இயற்றியது’ என்று ஒரு மாணவன் அட்டையில் எழுதி வந்திருக்கிறான். அதை மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ‘இயற்றியது’ என்பதை ‘இயற்றப் பார்த்தது’ என்று திருத்திவிட்டு. மசோதா கீழவையில் நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை. ஆகவே அது சட்டமாகவே இல்லை.

வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரையும் வழியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக நம்பியவர் எட்வர்ட் குட்வின். சாலிட்யூட் என்ற சிற்றூரின் மருத்துவர். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அப்படி வரையவே முடியாது என்பது 1882இல் ஜெர்மன் கணிதவியலாளர் லிண்டமன் தந்த நிரூபணத்திலேயே உறுதியாகிவிட்டது. டாக்டர் அசரவில்லை. டெய்லர் ரெக்கார்ட் என்ற உறுப்பினர் மூலம் 246ஆம் எண் மசோதாவாகத் தம் ‘உண்மை’யைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார். சபை ஏற்றுக்கொண்டால் இந்தியானா மட்டும் ராயல்டி செலுத்தாமல் அதைக் கல்விக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது தூண்டில். இலவசம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மசோதாவில் ‘பை’ என்ற சொல்லும் இல்லை, 3.2 என்ற எண்ணும் இல்லை. விகிதங்கள்தாம் இருக்கின்றன. அவற்றை மாணவர்களையே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். விட்டம் 10 செ.மீ. உள்ள வட்டம்; அதனுள்ளே ஒரு சதுரம். மசோதாவின்படி சதுரத்தின் பக்கம் 7, அந்தப் பக்கத்துக்கு மேலே வளையும் வில் 8. நான்கு வில்லும் சேர்ந்தால் சுற்றளவு 32. சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் பை; 32ஐ 10ஆல் வகுத்தால் 3.2. பிதாகரஸ் தேற்றம் படித்த பிள்ளை உடனே பிடித்துவிடும்: 49ம் 49ம் 98, மூலைவிட்டத்தின் வர்க்கமோ 100. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வட்டத்தின் பரப்பு, சுற்றளவின் கால்பங்கைப் பக்கமாகக் கொண்ட சதுரத்துக்குச் சமம் என்கிறது அதே மசோதா. கணக்கிட்டுப் பார்த்தால் பை 4 என்று வரும்!

எப்படி இதற்கு வாக்களித்தார்கள்? அக்காலத்தில் இந்தியானா சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் கூடும்; கூட்டத்தொடருக்கு 61 நாள்தான் கெடு. அந்த அவசரத்தில் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். கீழவை இதை முதலில் சதுப்புநிலக் குழுவுக்கு அனுப்பியது. அங்கிருந்து கல்விக் குழுவுக்குப் போய், பிறகு 67–0 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து ஒரு கை கூட எழவில்லை.

பர்டியூ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வால்டோ, மாநில அறிவியல் கழகத்துக்கு நிதி கேட்டுத் தற்செயலாக அங்கே வந்திருந்தார். சபையில் கணிதம் விவாதிக்கப்படுவதைக் கேட்டுத் திகைத்தவர், மேலவை உறுப்பினர்களுக்கு விஷயத்தை விளக்கினார். மேலவை மசோதாவை மதுவிலக்குக் குழுவுக்கு அனுப்பியிருந்தது. அந்தக் குழுவும் தலையாட்டிவிட்டது! ஆனால் பிப்ரவரி 12 அன்று உறுப்பினர்கள் அதைக் கேலி செய்து தீர்த்து, காலவரையறையின்றி ஒத்திவைத்தார்கள். கணக்கு தவறு என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. சட்டம் போடும் விஷயமே அல்ல இது என்றுதான் ஒதுக்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

‘நாமும் 22/7 போடுகிறோமே, அதுவும் தவறுதானே’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். தோராயம்தான். ஆனால் அதை யாரும் சரியான மதிப்பு என்று சொல்வதில்லை. பிழையும் ஏறத்தாழ 0.0013தான். 3.2இல் பிழை 0.058. அட்டைக்குக் கீழே 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு தட்டையும் நூலையும் வையுங்கள். சுற்றி அளந்தால் 32 வராது, 31.4க்குப் பக்கத்தில் நிற்கும். அந்த அரை சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.