ஒரு டம்ளரா, ஒரு லிட்டரா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. இரண்டு நாட்களாக நாளுக்கு ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது. ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைப் பொடி) பாக்கெட் ஒன்றை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டான். குடலேற்றம், வயிற்றை உருவிவிட வேண்டும், சோறும் பாலும் கூடாது என்கிறார் மாமியார். பேதியை நிறுத்த மருந்து தரலாமா?
- ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: முதலில் பையனைப் பாருங்கள். கண் குழிந்திருக்கிறதா? ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா? எழுப்பினாலும் துவண்டு விழுகிறானா, குடிக்க மறுக்கிறானா? மலத்தில் ரத்தம் தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் மீதியைப் படிக்காமல் கிளம்புங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை ஓட வேண்டாம். கடலூர் அரசு மருத்துவமனையே போதும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த டம்ளருக்கு வருவோம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும். வாந்தி வரும், உடலில் இருக்கும் நீரையும் குடலுக்குள் இழுக்கும். 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் விற்கிறார்கள். எனவே உறையில் அச்சிட்ட அளவைப் படித்து, காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 1971 வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலராவிலிருந்து உயிர்களைக் காத்தது இத்தகைய உப்பு, சர்க்கரைக் கரைசலால்தான். அளவு சரியாக இருந்ததால் அது மருந்தாயிற்று.

ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். கொடுத்ததெல்லாம் வாந்தியாகிவிட்டால் மருத்துவமனைதான்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். குழைந்த சோறும் மோரும், இட்லி, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வயிற்றை உருவுவதை மட்டும் தடுத்துவிடுங்கள், நோவுதான் மிச்சம்.

பேதியை நிறுத்தும் மருந்து இந்த வயதில் கூடவே கூடாது. குடல் அசைவை முடக்கி ஆபத்தில் விட்டுவிடும். ஆன்டிபயாட்டிக்கையும் நீங்களாக வாங்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிங்க் மாத்திரை தருவார்கள். சொன்ன அளவில் தினமும் கரைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும், 14 நாள் முடியும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.