சாஃப்ட்வேர் சொன்னத கேட்டு பேஷண்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் டாக்டர் மேலயா, கம்பெனி மேலயா?

பெரும்பாலும் டாக்டர் மேலதான். இதை கேக்குறீங்கன்னா நீங்க இப்பதான் டியூட்டில சேர்ந்திருக்கணும். நான் வக்கீல் இல்ல, பட்டத சொல்றேன்.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துட்டிருந்த ஒரு பெரியவருக்கு யூரின் இன்ஃபெக்ஷன். கல்ச்சர் டெஸ்ட்ல அந்தக் கிருமிக்கு கேக்கும்னு வந்த ஆன்டிபயாடிக்ல கோ-ட்ரைமாக்சசோல் தவிர மத்ததெல்லாம் அவருக்கு அலர்ஜி. ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு ஆகலாம்னு ஸ்கிரீன்ல அலர்ட் வந்துச்சு, அத தாண்டித்தான் எழுதுனேன், ஆனா காரணம் கேக்குற பெட்டில "வேற மருந்து இல்ல, வார்ஃபரின் டோஸ் கொறச்சாச்சு, தினமும் ஐஎன்ஆர் பாக்கணும்"னு டைப் பண்ணேன் (ஐஎன்ஆர்னா ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்குற டெஸ்ட்). அப்படியும் மூக்குல ரத்தம் வந்துச்சு, நின்னும் போச்சு, வீட்டுக்காரங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டாங்க. விசாரணைல மொதல்ல கேட்டதே லாக்தான், அலர்ட் எத்தனை மணிக்கு வந்துச்சு, யார் மூடுனா, என்ன எழுதுனாங்கன்னு. என் வரிய படிச்சதும் ஃபைல மூடிட்டாங்க. எங்க வார்டுல பாதி பேர் அந்தப் பெட்டில வெறும் புள்ளி வெச்சுட்டு போவாங்க, அதுவும் ஏத்துக்கும். பெருமை பேசுறான்னு கமெண்ட் போடுவீங்க, போடுங்க.

"சாஃப்ட்வேர் சொல்லிச்சு, செஞ்சேன்"னும் தப்பிக்க முடியாது. கவனமான டாக்டர் அந்த இடத்துல என்ன செஞ்சிருப்பார்ங்கிறதுதான் கோர்ட்டோட அளவுகோல், இங்கிலாந்துல 1957 போலம் கேஸ்லேர்ந்தே அப்படித்தான். கம்பெனிக்காரங்க ஒப்பந்தத்துலயே "இறுதி முடிவு மருத்துவருடையது"ன்னு எழுதிடுறாங்க. அமெரிக்காவுல 2016 சட்டப்படி, எதை வெச்சு சொல்லுதுன்னு டாக்டரே பாத்து முடிவெடுக்க முடிஞ்சா அந்த மாதிரி சில சாஃப்ட்வேர் மருத்துவக் கருவி கணக்குலயே வராது. ஐரோப்பாவுல 2024ல வந்த புது விதில சாஃப்ட்வேரும் ஒரு பொருள்தான், கோளாறா இருந்து ஆளுக்கு பாதிப்புன்னா தயாரிச்சவன்கிட்ட நஷ்டஈடு கேக்கலாம், நாடுகள் 2026 டிசம்பருக்குள்ள அதை சட்டமாக்கணும். அதுக்காக டாக்டர விட்டுடுவாங்கன்னு இல்ல.

எனக்கு கடுப்பு வேற இடத்துல. நாளைக்கு "நாங்க எச்சரிச்சோமே"ன்னு சொல்லணும்ல, அதுக்காகவே நிர்வாகம் எல்லா அலர்ட்டையும் ஆன்ல வெச்சிருக்கு. பாராசிட்டமால் எழுதுனாக்கூட பெட்டி வருது, அப்புறம் எவன் படிப்பான்? இதுல ஒரு போன் பேசிட்டு திரும்புறதுக்குள்ள லாகவுட் ஆகி, டைப் பண்ணதெல்லாம் போயிடுது. ஐடில கேட்டா டிக்கெட் போடுங்கங்கிறாங்க. டிக்கெட் போடவும் லாகின் பண்ணணும்.